டி.எஸ்.எச். இல்லாமல் தைராய்டு உருவாகுமா?

#1 வால்தவளை | திங்கள் இரவு 9:12

எம்.எஸ்சி. விலங்கியல், கடைசி செமஸ்டர். வியாழக்கிழமை எனக்கு செமினார். சீட்டுக் குலுக்கியதில் விழுந்த தலைப்பு: தைராய்டின் வளர்ச்சியிலும் வேலையிலும் செல் சமிக்ஞைப் பாதைகள்.

சீனியர் கொடுத்த நோட்ஸில் ஒரே ஒரு படம். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஓர் அம்பு கிளம்பி தைராய்டில் போய்க் குத்துகிறது. அம்பின் மேல் டி.எஸ்.எச். என்று பெயர். பக்கத்தில் "வளர்ச்சி மற்றும் சுரப்பு". அந்த "வளர்ச்சி" என்ற சொல்தான் இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. டி.எஸ்.எச். இல்லாவிட்டால் கருவில் சுரப்பியே உருவாகாதா? அப்படியானால் பிட்யூட்டரி முந்தி வந்திருக்க வேண்டுமே! கருவியல் புத்தகத்தில் தேதிகளைப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மறுப்பாளன் | 9:20

இதில் என்ன குழப்பம்? பெயரே தைராய்டைத் தூண்டும் ஹார்மோன். தூண்டவில்லை என்றால் வளராது. நோட்ஸில் இருப்பதை ஒப்பித்துவிட்டு மார்க் வாங்கப் பாருங்கள்.

#3 பெட்ரிக்கிண்ணம் | 10:05

வால்தவளை, கணக்கு உதைக்கிறது என்று பிடித்தீர்களே, உங்கள் செமினாரே அதுதான். விட்டுவிடாதீர்கள்.

மனிதக் கருவில் நாலாவது வாரத்திலேயே, தொண்டைக்குழலின் தரையில், நாக்கின் அடி வரப்போகிற இடத்தில் செல்கள் கொஞ்சம் தடித்துத் தெரியும். அதுதான் தைராய்டின் மொட்டு. அங்கிருந்து கழுத்துக்கு இறங்கி ஏழாவது வாரவாக்கில் இருப்பிடம் சேர்ந்துவிடும். பிட்யூட்டரி டி.எஸ்.எச். சுரக்க ஆரம்பிப்பதோ 10 முதல் 12 வாரத்தில். வீடு கட்டி, பால் காய்ச்சி முடிந்த பிறகு வந்து சேர்ந்தவரை மேஸ்திரி என்று எப்படிச் சொல்வது?

அப்படியானால் கட்டியது யார்? பக்கத்து வீட்டுக்காரர். அதாவது இதயம்.

அந்தக் கட்டத்தில் தொண்டைத் தரைக்கு நேர் கீழே இதயமாகப்போகிற திசு ஒட்டிக்கொண்டு கிடக்கும். எஃப்.ஜி.எஃப்., பி.எம்.பி. என்ற இரண்டு வகைப் புரதங்கள் அதிலிருந்து கசிகின்றன. மேலே இருக்கிற எண்டோடெர்ம் (கருவின் உள்ளடுக்கு) செல்களில் எவை அதை உள்வாங்குகின்றனவோ அவை தைராய்டாகத் தீர்மானமாகின்றன. வரிக்குதிரை மீனில் இதயப் பக்கத்துத் திசு கெட்டுப்போன மரபுப்பிறழ்வுகளில் தைராய்டும் சரியாக வருவதில்லை. எஃப்.ஜி.எஃப். ஊறிய சின்னஞ்சிறு உருண்டையை வைத்தால் ஓரளவு மீள்கிறது. 2015இல் பாஸ்டன் குழு ஒன்று தவளை, எலி, மனிதச் செல்கள் மூன்றிலும் இதைக் காட்டியது. எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய குருத்தணுவை (ஸ்டெம் செல்) முன்குடல் எண்டோடெர்ம் வரை கொண்டுவந்து, பி.எம்.பி.4, எஃப்.ஜி.எஃப்.2 இரண்டையும் ஊற்றினால் போதும், அது தைராய்டுப் பக்கம் திரும்பிவிடுகிறது. கிண்ணத்தில் பிட்யூட்டரியும் இல்லை, டி.எஸ்.எச்.சும் இல்லை.

பிறவித் தைராய்டுக் குறையோடு பிறக்கும் குழந்தைகளில் இதயக் கோளாறும் மற்றக் குழந்தைகளைவிட அதிகமாகக் காணப்படுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பக்கத்து வீட்டு உறவுதான் ஞாபகம் வரும்.

#4 வால்தவளை | 10:31

ஐயோ, இதயமா! அண்ணா/அக்கா, ரொம்ப நன்றி. அந்தச் சமிக்ஞை செல்லுக்குள் போய் எதை ஆன் செய்கிறது? பாக்ஸ்8 என்று ஒரு பெயர் பார்த்தேன்.

#5 பெட்ரிக்கிண்ணம் | 10:58

அண்ணா.

நான்கு படியெடுப்புக் காரணிகள், அதாவது மரபணுக்களை ஆன் செய்யும் புரதங்கள்: என்.கே.எக்ஸ்.2-1, பாக்ஸ்8, ஃபாக்ஸ்இ1, ஹெக்ஸ். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் தைராய்டுக்கு மட்டும் சொந்தமில்லை. முதலாவது நுரையீரலிலும் மூளையிலும் இருக்கும், பாக்ஸ்8 சிறுநீரகத்தில் இருக்கும். நாலும் ஒரே செல்லில் கூடுவது தைராய்டில் மட்டும்தான். பூட்டு எண் மாதிரி, நாலு இலக்கமும் சேர்ந்தால்தான் திறக்கும். எலியில் என்.கே.எக்ஸ்.2-1ஐயோ பாக்ஸ்8ஐயோ நீக்கினால் மொட்டு வருகிறது, ஆனால் நிலைக்காமல் அழிந்துவிடுகிறது. ஃபாக்ஸ்இ1ஐ நீக்கினால் சிலவற்றில் மொட்டு மறைகிறது, சிலவற்றில் இறங்காமல் நாக்கடியிலேயே தங்கிவிடுகிறது.

2012இல் பிரஸ்ஸல்ஸில் செய்த சோதனையை ஸ்லைடில் கட்டாயம் போடுங்கள். எலிக் குருத்தணுவில் என்.கே.எக்ஸ்.2-1, பாக்ஸ்8 இரண்டை மட்டும் சில நாள் இயக்கினார்கள். அதற்குப் பிறகுதான் டி.எஸ்.எச். ஊற்றினார்கள். செல்கள் வட்டமாகச் சேர்ந்து, நடுவில் குழிவிட்டு, அசல் ஃபாலிக்கிள்களாக, அதாவது தைராய்டு ஹார்மோன் செய்யும் சின்னப் பைகளாக, நின்றன. அவற்றை, தைராய்டு அழிக்கப்பட்ட எலியின் சிறுநீரக உறைக்கு அடியில் வைத்துத் தைத்தபோது இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் மீண்டும் ஏறியது. வரிசையைக் கவனியுங்கள். அடையாளம் முதலில், டி.எஸ்.எச். பிறகு.

#6 மறுப்பாளன் | 11:10

சரி, கட்டுவது இதயம் என்றே வைத்துக்கொள்வோம். தைராய்டு முழுக்க எண்டோடெர்ம் என்கிறீர்கள். தைராய்டுக்குள்ளேயே இருந்து கால்சிடோனின் என்ற வேறொரு ஹார்மோனைச் சுரக்கும் சி-செல்கள், கருவில் நரம்புக் குழலை ஒட்டியிருக்கும் நரம்பு முகட்டிலிருந்து வருகின்றன, எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இதற்கு என்ன பதில்?

#7 பெட்ரிக்கிண்ணம் | 11:24

நான் சொன்னது ஃபாலிக்கிள் செல்களை. ஆனால் நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். நரம்பு முகட்டுக் கதை காடை–கோழிக் கருக்களை ஒட்டிவைத்துச் செய்த சோதனைகளிலிருந்து வந்தது. அதைப் பாலூட்டிக்கும் நீட்டிப் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். 2015இல் ஸ்வீடன் குழு எலியில் செல் வம்சாவளியைத் தடம் பிடித்துப் பார்த்தபோது சி-செல்லும் எண்டோடெர்ம் என்று வந்தது. உங்கள் மேல் குற்றமில்லை, புத்தகங்கள் இன்னும் திருந்தவில்லை.

#8 சுடுகட்டி | செவ்வாய் காலை 6:40

நான் சயின்ஸ் படிச்சவன் இல்ல. நோயாளியா வந்து எட்டிப் பாக்குறேன். ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு எடை பத்து கிலோ குறைஞ்சு, கை நடுக்கம், ராத்திரி நெஞ்சு படபடன்னு அடிக்கும். டி.எஸ்.எச். கிட்டத்தட்ட பூஜ்ஜியம். ஸ்கேன்ல வலது பக்கம் ஒரே ஒரு உருண்டை, மை கொட்டின மாதிரி கருப்பா. மத்த இடமெல்லாம் வெள்ளைப் பேப்பர். "ஹாட் நாடூல்"னு சொன்னாங்க. அதனாலதான் இந்தப் பேரு.

என் சந்தேகம்: டி.எஸ்.எச்.சே இல்லையே, அப்புறம் அந்தக் கட்டி யார் சொல்லி வேலை செஞ்சுது?

#9 பெட்ரிக்கிண்ணம் | 7:55

சுடுகட்டி சார், படித்தவர்கள் பல வருஷம் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி இது. பதில் வந்தது 1993இல், அதுவும் பிரஸ்ஸல்ஸிலிருந்துதான்.

தைராய்டு செல்லின் இரத்தப் பக்கச் சுவரில் டி.எஸ்.எச்.சுக்கான ஏற்பி இருக்கிறது. சவ்வை ஏழு முறை ஊடுருவித் தைத்த மாதிரியான புரதம். டி.எஸ்.எச். வந்து உட்கார்ந்தால் அதன் உட்பகுதி நெளிகிறது. உள்ளே ஒட்டியிருக்கும் ஜி-புரதம் விழிக்கிறது. அது அடினைலில் சைக்ளேஸ் என்ற நொதியை முடுக்க, செல்லுக்குள் சி.ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு பெருகுகிறது. அது புரத கைனேஸ்-ஏவை அவிழ்த்துவிடுகிறது. இந்த ஒரே கம்பி வழியாகத்தான் அயோடைடை உள்ளே இழுக்கும் என்.ஐ.எஸ். கதவு, அயோடினைப் புரதத்தில் ஏற்றும் டி.பி.ஓ. நொதி எல்லாவற்றுக்கும் உத்தரவு போகிறது.

உங்கள் கட்டியின் முதல் செல்லில் அந்த ஏற்பியின் மரபணுவில் ஓர் எழுத்து பிசகியிருக்கலாம். இப்படிப்பட்ட கட்டிகளில் பெரும்பாலும் அதுதான் காரணம். அழைப்பு மணியின் பொத்தான் உள்ளே அமுங்கி மாட்டிக்கொண்ட மாதிரி. வாசலில் ஆள் இல்லை, மணி ஓயவில்லை. ஹார்மோன் மிகுந்ததால் பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சை நிறுத்திவிட்டது. நல்ல செல்களுக்கு உத்தரவு இல்லாமல் அவை தூங்கிவிட்டன. அந்த வெள்ளைப் பேப்பர் அவைதான்.

இதில் ஒரு விசித்திரம். பல செல் வகைகளில் சி.ஏ.எம்.பி. ஏறினால் பிரிவது மட்டுப்படும். தைராய்டு செல்லோ அதே சி.ஏ.எம்.பி.யைக் கேட்டுப் பெருகவும் செய்கிறது, சுரக்கவும் செய்கிறது. அதனால்தான் உங்களுக்குக் கட்டியும் வந்தது, ஹார்மோனும் மிகுந்தது. வால்தவளையின் நோட்ஸில் "வளர்ச்சி" என்று எழுதியவர் இதை மனதில் வைத்திருக்கலாம். பிறந்த பிறகு சுரப்பி பெருப்பதற்கு டி.எஸ்.எச். பொறுப்பு. கருவில் சுரப்பி பிறப்பதற்கு அது பொறுப்பில்லை.

#10 சுடுகட்டி | 8:15

அமுங்கின பொத்தான்! டாக்டர் இருபது நிமிஷம் சொல்லியும் ஏறல சார். ரேடியோ அயோடின் குடிச்சேன், இப்போ நார்மல். அந்தக் கட்டி மட்டும் எப்படி அயோடினை எடுத்துக்கிச்சுன்னும் இப்போ புரிஞ்சுடுச்சு, மத்ததெல்லாம் கதவைச் சாத்திட்டுத் தூங்கிட்டு இருந்துது.

#11 பனங்காய்ப்பணியாரம் | 8:50

வணக்கம், யாழ்ப்பாணத்தில இருந்து. நான் ஆய்வுகூடத்தில ஹோர்மோன் சோதனைப் பக்கம் வேலை செய்யிறனான். பொத்தான் பழுதாகாமலே வேற ஒருத்தர் விரல் வைச்சு அமத்திக்கொண்டிருக்கிற நோயும் இருக்கு. கிரேவ்ஸ் நோய், தைராய்டு ஹோர்மோன் மிஞ்சிப்போற வருத்தம். அது பிடிபட்ட விதம் நல்ல சுவாரசியம், செமினாருக்கு உதவும்.

1956, நியூசிலாந்தின்ர டனீடின். ஆடம்ஸ், பர்வெஸ் எண்டு ரெண்டு பேர். கினிப்பன்றிக்கு முதல்ல கதிரியக்க அயோடின் குடுத்துச் சுரப்பியில ஏத்தி வைக்கிறது. பிறகு சோதிக்க வேண்டிய சீரத்தை ஊசியில போட்டு, ரத்தத்தில கதிரியக்கம் எவ்வளவு வெளிய வருது எண்டு அளக்கிறது. டி.எஸ்.எச். போட்டால் சில மணித்தியாலத்தில உச்சிக்குப் போய் இறங்கிவிடும். கிரேவ்ஸ் நோயாளியின்ர சீரம் போட்டாலோ இறங்கிற நேரத்தில ஏறிக்கொண்டே நிக்குது. அப்ப இது டி.எஸ்.எச். இல்லை, வேற ஏதோ. "நீண்டநேரம் செயல்படும் தைராய்டுத் தூண்டி" எண்டு பேர் வைச்சினம். பிறகு பார்த்தால் அது எதிர்ப்பொருள், உடம்பு தன்ர ஏற்பிக்கு எதிராத் தானே செய்தது. டி.எஸ்.எச். சில நிமிசங்களில ரத்தத்தில இருந்து கழிஞ்சு போகத் தொடங்கும், எதிர்ப்பொருள் கிழமைக் கணக்கில நிக்கும்.

அதே ஏற்பியில போய்க் குந்திக்கொண்டு அமத்தாமல் மறிச்சுக்கொண்டு மட்டும் இருக்கிற எதிர்ப்பொருளும் இருக்கு. அது வந்தால் தைராய்டு குறைஞ்சு போகும். ஒரே கதிரை, இருக்கிற ஆளைப் பொறுத்து நோய் மாறுது.

#12 வால்தவளை | 1:05

கேன்டீனில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்று கேட்கணும். எங்கள் பேராசிரியர் எந்தத் தலைப்பானாலும் கடைசியில் புற்றுநோயில் வந்து நிற்பார். எம்.ஏ.பி. கைனேஸ் பாதை இதில் எங்கே வருகிறது?

#13 பெட்ரிக்கிண்ணம் | 2:20

அது இன்னொரு கம்பி. வளர்ச்சிக் காரணிகளின் சொல்லை ராஸ், பிராஃப், மெக், எர்க் என்று ஒன்று மாற்றி ஒன்று தள்ளி உட்கருவுக்குக் கொண்டுபோகும். தைராய்டில் இரண்டு கம்பிகளும் இழுக்கும் திசை வேறு. சி.ஏ.எம்.பி. கம்பி "பெருகு, ஆனால் தைராய்டாகவே இரு" என்கிறது. எம்.ஏ.பி. கைனேஸ் கம்பி அளவுமீறினால் "பெருகு, யாராக இருந்தாய் என்பதை மற" என்கிறது. அதனால் சூடான கட்டி புற்றாவது அபூர்வம். தைராய்டுப் புற்றில் அதிகம் காணப்படும் பாப்பில்லரி வகையில் பெரும்பங்கில் பழுது இரண்டாவது கம்பியில். அடிக்கடி காணப்படுவது பிராஃப் புரதத்தின் 600வது இடத்தில் வேலைன் போய் குளூட்டாமிக் அமிலம் வந்து உட்காருவது. செர்னோபிலுக்குப் பிறகு குழந்தைகளிடம் கண்ட புற்றுகளில் ரெட் மரபணு உடைந்து வேறொன்றோடு ஒட்டிக்கொண்டது அதிகம். அதுவும் இதே கம்பிதான்.

தன்னை மறந்த செல் முதலில் கைவிடுவது என்.ஐ.எஸ். கதவை. கதவு போனால் ரேடியோ அயோடின் உள்ளே போகாது, மருந்து பலிக்காது. இங்கேதான் பாதைகளைப் படித்ததற்குப் பலன் கிடைக்கிறது. 2013இல் வந்த ஒரு சிறு ஆய்வில், அயோடினை ஏற்காத புற்று உள்ளவர்களுக்கு மெக்கை அடைக்கும் செலுமெடினிப் கொடுத்துப் பார்த்தார்கள். மதிப்பிட முடிந்த 20 பேரில் 12 பேருக்கு அயோடின் பிடிப்பு கூடியது. 8 பேருக்குச் சிகிச்சை கொடுக்கும் அளவுக்குக் கூடியது. அந்த எட்டில் 5 பேருக்குக் கட்டி சுருங்கியது, 3 பேருக்கு வளராமல் நின்றது. ஆனால் இதே மருந்தை அறுவைக்குப் பின் எல்லா அபாய நோயாளிகளுக்கும் அயோடினோடு சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வில் கூடுதல் பலன் தெரியவில்லை. பேராசிரியரிடம் இரண்டையும் சொல்லுங்கள். முதலாவதை மட்டும் சொன்னால் மடக்கிவிடுவார்.

#14 ஆறுமாதஅப்பா | இரவு 9:48

தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். பாதி புரியவில்லை, ஆனால் ஒரு வரி பிடித்து இழுத்துவிட்டது: "கதவைச் சாத்திட்டுத் தூங்கிட்டு இருந்துது."

என் மகளுக்கு இப்போது ஆறு மாதம். பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத்தில் டி.எஸ்.எச். மிக அதிகம். ஸ்கேன் எடுத்தோம். படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வாய்ப் பக்கம் புள்ளி புள்ளியாகக் கருப்பு, வயிறு கருப்பு, நடுவில் கழுத்து வெறும் வெள்ளை. "தைராய்டு சுரப்பி இல்லை" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் மனைவி அன்றைக்கு அழுத அழுகையை இங்கே எழுத முடியாது. மறுநாளே மாத்திரை தொடங்கினோம். பாலாடையில் நாலு சொட்டுத் தாய்ப்பால் விட்டு, மாத்திரையை நசுக்கிக் குழைத்து, கன்னத்தின் உள்பக்கமாக ஊற்றுவோம். ஆள் நன்றாக வளர்கிறாள், குப்புற விழுந்து நீந்துகிறாள்.

போன மாதம் வேறொரு டாக்டர் அல்ட்ராசவுண்ட் பார்த்தார். கழுத்தில், இருக்க வேண்டிய இடத்திலேயே, சின்னதாக ஒரு சுரப்பி இருக்கிறது என்கிறார். எதை நம்புவது?

#15 பெட்ரிக்கிண்ணம் | 10:30

இரண்டும் உண்மையாக இருக்கலாம். அந்த ஸ்கேன் சுரப்பியைப் பார்ப்பதில்லை. ஊசியில் போடும் டெக்னீசியம், அயோடைடின் கதவான என்.ஐ.எஸ். வழியாகவே செல்லுக்குள் போகிறது. கதவு திறந்திருந்தால்தான் படத்தில் கருப்பு விழும். கதவில்லாத சுரப்பி ஸ்கேனுக்குக் கண்ணுக்குத் தெரியாது.

இந்த இழை தொடங்கிய இடத்துக்கே இது வருகிறது. டி.எஸ்.எச். ஏற்பியை முழுக்க நீக்கிய எலிகளில் தைராய்டு மொட்டு வருகிறது, இறங்குகிறது, பிறக்கும்போது அளவும் ஏறக்குறைய சரியாக இருக்கிறது. என்.ஐ.எஸ்.சும் டி.பி.ஓ.வும்தான் இல்லை. வீடு உண்டு, வாசற்கதவு இல்லை. மனிதரில் ஏற்பி பழுதானால் சுரப்பி சிறுத்தும் போகிறது.

உங்கள் விவரிப்பில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வாயும் வயிறும் கருப்பு என்றது. உமிழ்நீர்ச் சுரப்பியிலும் இரைப்பையிலும் அதே என்.ஐ.எஸ். இருக்கிறது, ஆனால் அங்கே அது டி.எஸ்.எச். சொல்லைக் கேட்பதில்லை. கதவின் மரபணுவே பழுதென்றால் வாயும் வெள்ளையாக இருந்திருக்கும். அப்படி இல்லை. அதாவது கதவு செய்யத் தெரிந்த குழந்தை, கழுத்தில் மட்டும் உத்தரவு போய்ச் சேரவில்லை என்று தோன்றுகிறது. இது கிண்ணத்தோடு காலம் தள்ளுபவனின் ஊகம், டாக்டர் சொல் அல்ல.

#16 பனங்காய்ப்பணியாரம் | 10:52

தம்பி, ஒண்டு கேக்கட்டோ. பிள்ளையின்ர அம்மாவுக்குத் தைராய்டு வருத்தம் ஏதும் இருக்கோ? நான் காலமை சொன்ன அந்த மறிக்கிற எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி தாண்டிப் பிள்ளைக்குப் போகும். பிள்ளையின்ர ஏற்பி நல்லாத்தான் இருக்கும், ஆனால் அம்மாவின்ர எதிர்ப்பொருள் கதிரையைப் பிடிச்சு வைச்சிருக்கும். ஸ்கேன் வெள்ளையாத்தான் வரும். அப்பிடியெண்டால் சில மாதத்தில அது கழிஞ்சு போயிடும்.

இன்னொண்டு, பிரசவ நேரம் கிருமி கொல்லுற போவிடோன் அயோடின் கனக்கப் பூசினவையோ? அயோடின் அளவு மிஞ்சினால் சுரப்பி கொஞ்ச நாள் கதவைத் தானே சாத்திப்போடும், பிறந்த பிள்ளையெண்டால் இன்னும் சுகமாச் சாத்தும். வோல்ஃப்–சைகோஃப் எண்டு 1948இல எலியில கண்டுபிடிச்ச விசயத்தோட சேர்ந்தது.

#17 மறுப்பாளன் | 11:02

முதல் நாள் நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒன்று. அப்பா, இங்கே படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்று மட்டும் தோன்றிவிடக் கூடாது.

#18 மட்டுறுத்துநர் | 11:06

மறுப்பாளன் சொன்னதை நானும் சொல்லவே வந்தேன். பிறவித் தைராய்டுக் குறையில் முதல் மூன்று வருடம் மூளை வளர்ச்சிக்கு இந்த ஹார்மோன் உயிர்நாடி. தற்காலிகமா நிரந்தரமா என்று பார்ப்பதைப் பொதுவாக மூன்று வயதுக்குப் பிறகு, டாக்டர் மேற்பார்வையில்தான் செய்வார்கள். பாதைகளைப் பற்றிப் பேசுங்கள், மருந்தளவைப் பற்றி வேண்டாம்.

#19 ஆறுமாதஅப்பா | 11:40

நிறுத்த மாட்டோம், பயப்படாதீர்கள்.

பனங்காய்ப்பணியாரம், மனைவி கல்யாணத்துக்கு முன்பிருந்தே தைராக்ஸின் சாப்பிடுகிறார். ஸ்கேன் எடுத்த இடத்தில் அதை யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. நாளைக்கு டாக்டரிடம் இரண்டு பேரின் ரிப்போர்ட்டையும் சேர்த்து எடுத்துப்போகிறேன்.

#20 வால்தவளை | வியாழன் மாலை 5:30

செமினார் முடிந்தது. அந்த ஒற்றை அம்புப் படத்தை முதல் ஸ்லைடில் போட்டு, "இதில் தேதி தவறு" என்று ஆரம்பித்தேன். பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிர்பார்த்தபடியே புற்றில் வந்து நின்றார், பெரிய ஆய்வின் முடிவையும் சொன்னதும் தலையாட்டிவிட்டு, யாரும் எதிர்பார்க்காத இடத்துக்குத் தாவினார்: "கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு டி.எஸ்.எச். ஏன் இறங்குகிறது?" முழித்துக்கொண்டு நின்றேன்.

#21 பெட்ரிக்கிண்ணம் | 6:10

எச்.சி.ஜி. நஞ்சுக்கொடி சுரப்பது. டி.எஸ்.எச்.சும் அதுவும் ஆல்ஃபா பாதியைப் பகிர்ந்துகொள்ளும் உறவுக்காரர்கள். அளவு மிகுந்தால் அதுவும் வந்து இந்தப் பொத்தானைக் கொஞ்சம் அமுக்கும், பிட்யூட்டரி தன் குரலைத் தணித்துக்கொள்ளும். சொல்ல மறந்தது என் தவறு.

#22 ஆறுமாதஅப்பா | இரவு 8:25

டாக்டர் மனைவிக்கு ஏற்பி எதிர்ப்பொருள் சோதனை எழுதியிருக்கிறார். சனிக்கிழமை காலை இரத்தம் எடுக்கிறார்கள். குழந்தைக்கு மாத்திரை அதே அளவு. ஸ்கேன் படத்தைப் பார்த்ததும் அவரும் முதலில் விரல் வைத்தது வாய்ப் பக்கத்துப் புள்ளிகளில்தான்.